ஊற்றுக்கண்ணுக்கு ஒரு படம்

ராஜபாளையத்தில் பாதிப் பேருக்குக் கிளாட்வினின் குரல் தெரியும். "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, ஆடாதீங்க, ம்... விடுங்க." இதைச் சொல்லிக்கொண்டு இருபத்தாறு வருடமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான். அதற்கு எதிர்ச்சாரியில் மருந்துக்கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீது நான். பிளஸ் டூ வரை இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. அதனால் அவனைப் பற்றி எழுதவும் எனக்கு உரிமை உண்டு, நடுநடுவே திட்டவும் உண்டு.

அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குச் சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஒரு சின்னக் கேமரா அனுப்பினாள். உள்ளங்கையில் அடங்கிவிடும். தண்ணீருக்குள்ளும் படம் எடுக்கலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. மழையில் நனைந்தாலும் கெடாது என்ற நல்லெண்ணத்தில்தான் அந்தப் பிள்ளை அனுப்பியது. இவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். அன்று மாலையே, மனைவி ஷீனா துணி அலசிக்கொண்டிருந்த வாளிக்குள் கேமராவை முக்கி ஒரு படம் எடுத்தான். நீல வாளி, சோப்பு நுரை, ஷீனாவின் வளையல். அதை ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரு தடவை காட்டினான். எனக்கு மூன்று தடவை காட்டினான்.

கடற்கரை ஊர்க்காரனுக்கு இந்த ஆசை வந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் ஊரில் மலை இருக்கிறது, மில் இருக்கிறது, மாங்காய் இருக்கிறது. தண்ணீர் என்று பார்த்தால் கண்மாயில் சேறு, ஓடையில் முழங்கால் ஆழம். மிச்சம் இருப்பது கிணறு. மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட அப்படி அலைந்திருக்க மாட்டார்கள். இவன் கிணறு தேடி அலைந்தான். கடைசியில் ஒரு கிணறு அவனைத் தேடி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, சுந்தரபாண்டியத்தைச் சேர்ந்த அனுசியா, வரப்பில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்க வந்தாள். கையைத் திருப்பி வைக்கச் சொல்லிக்கொண்டே இவன் கேட்டிருக்கிறான்: "உங்க தோட்டத்துக் கிணத்துல தண்ணி தெளிவா இருக்குமாம்மா?"

எலும்பு முறிந்ததோ என்று பதறிக்கொண்டிருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? நானாக இருந்தால் எழுந்து வந்திருப்பேன். அனுசியா சிரித்துவிட்டாள். "ஊசி விழுந்தாத் தெரியும் சார். வந்து பாருங்க."

அந்த வாரத்திலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. காலை ஆராதனை முடிந்ததும் வந்து என் கடை வாசலில் ஹாரன் அடிப்பான். "ஹமீது அண்ணன் கயிறு பிடிச்சாத்தான் நீங்க கிணத்துல எறங்கணும்" என்று ஷீனா சொல்லிவிட்டாள். அவன் இடுப்பில் கயிற்றின் ஒரு முனை, என் கையில் மறுமுனை. இதற்குக் கூலியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கித் தருவதாகச் சொன்னான். எனக்குச் சர்க்கரை. மாத்திரை விற்கிற எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நல்ல கிணறு. முப்பதடி அகலம், சுற்றிலும் கல்கட்டு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள். கெண்டை உண்டு, விரால் உண்டு, ஓர் ஆமை உண்டு. தண்ணிப்பாம்பும் உண்டு என்பதை அனுசியா மூன்றாவது வாரம்தான் சொன்னாள். கிளாட்வின் நல்ல நீச்சல்காரன், மூச்சும் பிடிப்பான். ஆனால் படம்? எடுத்ததெல்லாம் பச்சைப் புகை. "இதுதாம்ல கெண்டை" என்று விரலை வைத்துக் காட்டுவான். எனக்குப் பாசிப்பருப்புப் பாயசத்தில் ஒரு முந்திரி கிடக்கிற மாதிரி இருக்கும். பிளாஷ் போட்டுப் பார்த்தான். தண்ணீரில் மிதக்கும் தூசி எல்லாம் பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகளாக விழுந்தது, மீனைக் காணவில்லை. பிளாஷை விட்டான். உச்சி வெயில் நேராக உள்ளே இறங்கும் நேரம்தான் நல்லது என்று கண்டுபிடித்தான். அடிச்சேற்றில் கால் பட்டால் அன்றைய வேலை முடிந்தது என்றும் கண்டுபிடித்தான். அப்படியும் பாயசம்தான்.

ஐப்பசி மழைக்கு முந்தின ஒரு ஞாயிறு, அவன் படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு கெண்டைக் கூட்டத்தைக் குறி வைத்திருந்தபோது, ஒரு விரால் பின்னாலிருந்து வந்து கேமராவையே முட்டியது. பயந்துபோய் அமுக்கிவிட்டான். மேலே வந்து பார்த்தால், அந்தப் படத்தில் விராலின் செதில் ஒவ்வொன்றும் எண்ணலாம். கண்ணில் வெயில் மின்னுகிறது. என் ஆயுளில் ஒரு மீனை அப்படிப் பார்த்ததில்லை, தட்டில் வைத்துக்கூட.

"எப்படில இது மட்டும் இப்படி வந்துச்சு?" என்றேன்.

அவன் ஈரத்தோடு உட்கார்ந்து செத்த நேரம் யோசித்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "ஆறடி!"

"என்னது ஆறடி?"

"நெஞ்சு எக்ஸ்ரேக்கு ஆளுக்கும் மெசினுக்கும் ஆறடி விடணும்ல. இருபத்தாறு வருசமா அதே வேலை. மீனுக்கும் ஆறடி தள்ளி நின்னுருக்கேன்! ஆறடித் தண்ணி நடுவுல நின்னா என்ன தெரியும்? தண்ணியே ஒரு திரைதாம்ல. பக்கத்துல போகப் போகத்தான் திரை கொறையும்."

"மீனுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலையே" என்றேன். அதற்கும் சிரித்தான்.

அதன் பிறகு அவன் படங்கள் வேறு மாதிரி ஆயின. ஒரு சாண் தூரத்துக்குப் போய், அசையாமல், மீன் தானாக வரும்வரை காத்திருப்பான். கீழிருந்து மேல் நோக்கி எடுப்பான், பின்னால் வானம் வெளிச்சமாக விழும். ஆமையின் கழுத்துச் சுருக்கத்தை எடுத்தான். படிக்கல்லில் ஒட்டிய நத்தையை எடுத்தான். ஷீனா விரால் படத்தைச் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டினாள். எனக்கும் ஒன்று கொடுத்தான். கடையில் இருமல் மருந்துக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் மீன் எண்ணெய் விளம்பரம் என்று நினைக்கிறார்கள்.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது, அனுசியா வழக்கம்போல் மோர் கொண்டு வரவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அடுத்த திங்கள்கெழமை கிணத்தை மூடப் போறாவ சார்" என்றாள்.

கிணறு அவள் புருசனுக்கும் அவனுடைய அண்ணன் உக்கிரபாண்டிக்கும் பொது. புருசன் வடக்கே லாரி ஓட்டுகிறவன், மாதத்துக்கு ஒரு தடவை வந்து "அண்ணனும் நீயும் பேசி முடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். உக்கிரபாண்டி கெட்ட மனிதரில்லை. போன இரண்டு கோடையிலும் கிணறு முழங்கால் தண்ணீருக்கு வந்துவிட்டது. ஊற்று செத்துவிட்டது, இப்போது நிற்பது வெறும் மழைத்தண்ணீர், பங்குனியில் வற்றிவிடும் என்பது அவர் கட்சி. கிணற்றை மண் தள்ளி மூடிவிட்டுத் தன் பக்கத்தில் ஆழ்துளைப் போர் போட்டு, இரண்டு வீட்டுக்கும் முறை வைத்துப் பாய்ச்சலாம் என்றார். ஜேசிபிக்குச் சொல்லியாயிற்று.

"ஊத்து சாகலை சார். கோடையில மேலப் பக்கம் எறங்கி நின்னா கால்ல குளுகுளுன்னு படும். அவியகிட்டச் சொன்னா, 'பொம்பளைக்குக் குளுந்தா அது ஊத்தா'ங்காவ. போரு அவிய எடத்துல. நாளைக்கு ஒரு மனஸ்தாபம்னா என் நாப்பது தென்னைக்கு ஆரு தண்ணி விடுவா?" பிறகு கிளாட்வினை நிமிர்ந்து பார்த்தாள். "எம்புட்டோ மீனை எடுத்தீக. அந்த ஊத்துக்கண்ணை ஒரு படம் எடுத்துத் தர முடியுமா?"

நான் கிளாட்வினைப் பார்த்தேன். அந்தக் கிணறு போனால் அவனுக்கும் எல்லாம் போச்சு. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது அவன் முகத்தில் தன் கிணற்றைப் பற்றிய கவலை இல்லை. உடனே கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

மேற்குச் சுவரில், தண்ணீருக்குப் பன்னிரண்டு அடி கீழே, பாறை வெடிப்பு ஒன்று இருந்தது. நான்கு தடவை முங்கி எடுத்தான். அருமையான படம், பாறையின் வரி எல்லாம் தெரிகிறது. அனுசியா கையோடு உக்கிரபாண்டியைக் கூட்டி வந்தாள். கேமராவிலிருந்து கிளாட்வினின் செல்போனுக்கு மாற்றிய படத்தை அவர் பார்த்தார். மரியாதையாகத்தான் சொன்னார்: "நல்லா எடுத்திருக்கீக சார். ஆனா இது பொந்து. இதுல தண்ணி வாரது எங்க தெரியுது?"

அவர் கேட்டது சரிதான். தண்ணீருக்குள் தண்ணீர் வந்தால் எந்தக் கேமராவுக்குத் தெரியும்?

புதன்கிழமை மத்தியானம், கடையில் கூட்டமாக இருக்கும்போது, எக்ஸ்ரே அறையிலிருந்து நேராக ரோட்டைக் கடந்து ஓடி வந்தான். லாரிக்காரன் ஒருவன் அவனைத் திட்டியதுகூட அவன் காதில் விழவில்லை. "ஹமீது, பேரியம்!"

"டாக்டர் சீட்டு இருக்கா?" என்றேன். பழக்க தோஷம்.

"ஒருத்தருக்கு இப்பத்தாம்ல பேரியம் குடுத்து எக்ஸ்ரே எடுத்தேன். குடல் தன்னால படத்துல விழாது. வெள்ளையா ஒண்ணைக் குடிக்க வச்சா, அது போற வழி தெரியும். ஊத்துக்கு முன்னால கலரா எதையாவது விட்டா, தண்ணி அதைத் தள்ளும்ல? தள்ளுறதைப் படம் எடுத்துருவோம்!"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு நான்கு எடுத்துக் கொடுத்தேன். என்ன கலர் விடுவது என்று அனுசியாவிடம் போனில் கேட்டோம். குடிக்கிற தண்ணீர், கண்டதையும் கலக்க முடியாது. "மஞ்சள்" என்றாள் அவள், யோசிக்கவே இல்லை. கிளாட்வின் வெள்ளிக்கிழமைக்கு அரை நாள் லீவு போட்டான். நான் தொழுகை முடிந்ததும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அனுசியா மஞ்சளை அரைத்து, கட்டுப்போடும் துணியில் இரண்டு தடவை வடிகட்டி வைத்திருந்தாள். கிளாட்வின் ஒரு கையில் சிரிஞ்சும் ஒரு கையில் கேமராவுமாக இறங்கினான். நாங்கள் மேலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவன் வந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அசையலை" என்றான். "விட்ட எடத்துலயே நின்னு, மெதுவாக் கீழ எறங்கிருச்சு."

அனுசியா கன்னத்தில் கை வைத்துக் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். உக்கிரபாண்டி சொன்னதுதான் உண்மையோ என்று எனக்கே தோன்றியது. நான் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தேன். என்ன வேலை செய்கிறோம் என்று தெரியாமல் அதையே அவிழ்த்து மறுபடி சுருட்டினேன்.

திடீரென்று அவள் எழுந்தாள். "நெறஞ்சு கெடக்கு சார்! கிணறு நெறஞ்சு கெடக்கும்போது ஊத்து எதுக்கு வரணும்? நாலு நாளா மோட்டாரே போடலை. தண்ணியை எறைச்சுக் கீழ எறக்கினாத்தான அது வாயத் தொறக்கும்!"

கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவளுக்குத் தெரிந்தது எக்ஸ்ரேக்காரனுக்கும் மருந்துக்காரனுக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு மோட்டார் ஓட்டும் மும்முனை மின்சாரம் போய்விட்டது. சனிக்கிழமை கிளாட்வினுக்கு வேலை. மிச்சம் ஞாயிறு மட்டும்தான், திங்கள் ஜேசிபி.

ஞாயிறு விடியற்காலை மின்சாரம் வந்ததும் அனுசியா மோட்டாரைப் போட்டுவிட்டாள். கிளாட்வின் ஒருநாளும் ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. தயங்கிக்கொண்டு நின்றவனிடம் ஷீனா, "ஆண்டவர் கிணத்துக்கும் வருவார். நீங்க போங்க, ரெண்டு பேருக்கும் சேத்து நான் ஜெபிச்சுக்கிடுதேன்" என்றாள். ஆறு மணிநேரம் மோட்டார் ஓடியது. தென்னைக்கெல்லாம் தண்ணீர் பாய்ந்து வாய்க்கால் நிரம்பி வழிந்தது. கிணற்றில் தண்ணீர் நான்கடி இறங்கி, கல்கட்டில் ஈரக்கோடு தெரிந்தது. மோட்டாரை நிறுத்தி, கலங்கல் அடங்கக் காத்திருந்தோம். உச்சிப்பொழுது தாண்டியதும் கிளாட்வின் இறங்கினான்.

இந்தத் தடவை கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். முப்பது எண்ணினேன், நாற்பது எண்ணினேன். ஐம்பதில் இழுத்துவிடலாம் என்று இருந்தபோது தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தான். முதலில் இருமினான், பிறகு சிரித்தான், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தான். "தள்ளுதும்மா! என் கையையே தள்ளுது!"

படத்தைப் பார்த்தோம். வெடிப்புக்கு முன்னால் விட்ட மஞ்சள் நிற்கவே இல்லை. பாறையிலிருந்து ஊதித் தள்ளியதுபோல் கிழக்கே நீளமாக ஓடியிருந்தது. அடுத்தடுத்து ஐந்து படம், ஐந்திலும் மஞ்சள் ஒரு முழம் ஒரு முழமாக நகர்ந்திருக்கிறது. அனுசியா செல்போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதோடு முடிந்ததா? உக்கிரபாண்டி அன்று சாயங்காலம் பார்த்துவிட்டு, "செல்போன்ல இப்ப என்ன வேணும்னாலும் செய்யுதானுக. சாரைச் சொல்லலை, காலம் அப்படி" என்றார். ஜேசிபிக்காரரை வரவேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மனிதன் கண்முன்னால் காட்டினாலும் நம்பவில்லை என்றால் என்னதான் செய்வது?

கிளாட்வின் கோபப்படவில்லை. போகும்போது கேட்டான்: "ரெண்டு மாசத்துக்கு முன்னால நெஞ்சுச் சளிக்கு எங்ககிட்ட எக்ஸ்ரே எடுத்தீகளே, அதை நம்புனீகள்லா?"

"அது எக்ஸ்ரேல்லா. அது எப்படிப் பொய் சொல்லும்?" என்றார் உக்கிரபாண்டி.

திங்கள் காலை ஏழு மணிக்கே கிளாட்வின் ஆஸ்பத்திரிக்குப் போய், பெரிய டாக்டரிடம் கேட்டு, தேதி முடிந்துபோன எக்ஸ்ரே பிலிமில் அந்த ஐந்து படங்களையும் வரிசையாக அடித்து எடுத்தான். டாக்டர் தனக்கும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். மூலையில் வழக்கம்போல் பெயர் போடும் இடத்தில் 'கிணறு' என்றும், வயது போடும் இடத்தில் அனுசியா சொன்ன 'எழுபது' என்றும் அடித்திருந்தான். பழுப்பு உறையில் போட்டுக்கொண்டு பறந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜேசிபி தோட்டத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

உக்கிரபாண்டி உறையைப் பிரித்து, பிலிமைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பிலிமில் மஞ்சள், கறுப்புப் பாறைமேல் வெள்ளைப் புகையாக ஓடியது. முதல் கட்டத்திலிருந்து ஐந்தாவது வரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். ஜேசிபிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"மேலப் பக்கமா சார் இது?"

"மேலப் பக்கந்தான். அனுசியாம்மா சொன்ன எடம்."

உக்கிரபாண்டியின் கை இறங்கியது. முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "உசுரோட இருக்கறதைப் பொதைக்கப் பாத்தேனே ஏத்தா" என்றார் அனுசியாவிடம். அவள், "தெரிஞ்சா செஞ்சீக பெரியத்தான்? விடுங்க, மோரு குடிங்க" என்றாள். அவர் ஜேசிபிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்த ஊற்றுக்கண்ணில் அடைத்திருக்கும் மண்ணை எடுத்தால் கோடையிலும் வற்றாது, சித்திரையில் தூர் வாருவோம் என்றார். சொன்னபடி செய்தார்.

தூர் வார வேண்டுமானால் தண்ணீரை முழுக்க இறைக்க வேண்டும். மீனைப் பிடித்துக் கண்மாயில் விட்டார்கள், ஆமையையும் விட்டார்கள். இனி கிணறு நிரம்பித் தெளிய அடுத்த தை ஆகும், அதுவரை கிளாட்வினுக்கு முங்கவும் இடமில்லை, எடுக்கவும் படமில்லை. அதைச் சொல்லி அவனைச் சீண்டிக்கொண்டே வண்டியில் போனேன். அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.

கிரேன் ஒரு வாரமாகச் சேற்றை அள்ளி மேலே கொட்டியிருந்தது. அனுசியா, உக்கிரபாண்டி, கிளாட்வின், அவர்களுக்குப் பின்னால் முட்டிவலியோடு நான், படிக்கல்லைப் பிடித்து அடிவரை இறங்கினோம். அத்தனை மாதம் மேலே நின்று கயிறு பிடித்த எனக்கு அதுதான் முதல் தடவை. சுத்தமாக்கிய வெடிப்பிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. உக்கிரபாண்டி முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அனுசியா முகத்தைக் கழுவிக்கொண்டாள். நான் ஒரு வாய் குடித்தேன், பல் கூசியது.

கிளாட்வின் கடைசியில் போனான். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கையை வெடிப்பில் வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை.

"சார், படம் எடுக்கலையா?" என்றாள் அனுசியா.

"கேமரா வண்டிப் பெட்டிக்குள்ள இருக்கும்மா" என்றான் கிளாட்வின், திரும்பிப் பார்க்காமல்.

"நான் வேணா ஏறிப் போயி எடுத்துட்டு வரட்டுமால?" என்றேன். என் முட்டி இருக்கிற நிலைமையில் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவனுக்குத் தெரியும்.

"வேண்டாம் ஹமீது. செத்த நேரம் இப்படியே இருந்துட்டு வாரேன்."

மேலே கிரேன்காரர் சாப்பாட்டுக்கு நேரமாகிறது, ஏறி வாங்க என்று சத்தம் கொடுத்தார். நாங்கள் நான்கு பேரும் அங்கேயே இருந்தோம்.